லாரி மேல, வேன் மேல ஏறணுமா? ஏணியை எடுக்கும் முன் தலைக்கு மேலே பாருங்க!

விருதுநகருக்குக் குடிநீர் தரும் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போனால், அர்ஜுனா நதிக் கரையிலிருந்து சிவகாசி வரைக்கும் பட்டாசு ஆலைகள், குடோன்கள், அவற்றின் வாசலில் லாரிகள். லோடு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசிப் பெட்டி உள்ளே போனதும் வேலை முடிந்த மாதிரி இருக்கும், ஆனால் முடியாது. தார்ப்பாய் போடணும், கயிறு கட்டணும். ஒருத்தர் பின் டயரில் ஒரு கால் வைப்பார், பாடியின் கொக்கியில் இன்னொரு கால் வைப்பார், கட்டுக்கயிறைப் பிடித்து ஒரே எம்பு. அடுத்த நொடி உச்சியில் நிற்பார்.

தினமும் செய்கிற வேலை என்பதால் இதை யாரும் ஆபத்தாகப் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும். 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் ஒரு நொடிக்குள் தரையைத் தொட்டுவிடுவார். அப்போது அவர் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. உலக அளவில் தவறி விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு சுமார் 6.84 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

லாரி மட்டுமில்லை. சபரிமலை சீசனில் கேரியரில் பை கட்டும் வேன், ஏசி பெட்டியும் சோலார் பேனலும் மேலே வைத்த கேரவன், எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். பத்திரமாக ஏறி இறங்குவது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் எதிரி கீழே இல்லை, மேலே

ஏணியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அண்ணாந்து பார்ப்பது.

சரக்கு வாகனத்தின் உயரம் 3.8 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்தது. 2020-ல் அது 4 மீட்டர் ஆனது. மின்கம்பிக்கு வேறு கணக்கு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி, சாலையைக் குறுக்கே கடக்கும் கம்பி 650 வோல்ட் வரை என்றால் குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் 33 ஆயிரம் வோல்ட் வரை 6.1 மீட்டர். சாலையோரமாகவே ஓடும் கம்பி என்றால் இன்னும் ஓர் அடி குறையலாம்: 5.5 மீட்டர், 5.8 மீட்டர்.

இப்போது கூட்டிப் பாருங்கள். உச்சவரம்பு வரை லோடு ஏற்றிய லாரி 4 மீட்டர். அதன் மேல் நிற்கும் சராசரி உயரமுள்ள ஆளின் தலை 5.65 மீட்டரில் இருக்கும். கயிறு வீசக் கையைத் தூக்கினால் 6 மீட்டரைத் தொட்டுவிடும். அதாவது, விதிப்படி சரியான உயரத்தில் போகும் கம்பியே கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. கம்பி தொய்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

சாலையை விட்டு உள்ளே போனால் நிலைமை இன்னும் மோசம். சாலை அல்லாத இடத்தில், 11 ஆயிரம் வோல்ட் வரையிலான உறையில்லாத கம்பிக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச உயரம் 4.6 மீட்டர்தான். 4 மீட்டர் லோடு மேல் நிற்பவருக்கு அந்தக் கம்பி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே! காட்டுப் பாதை ஓரத்திலும் காலி மனையிலும் லாரியை நிறுத்தித் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது.

கம்பியும் இரும்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பலமுறை பார்த்துவிட்டது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் திருவிழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். புதிதாகப் போட்ட சாலையின் மட்டம் உயர்ந்திருந்ததும் அப்போது பேசப்பட்டது. கம்பி அதே இடத்தில்தான் இருக்கும், தரை மேலே ஏறிவிடும்! 2025 மார்ச் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலைக்காகச் சக்கரம் வைத்த உயரமான இரும்பு ஏணியை நகர்த்தியபோது அது உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். அங்கே ஏணி யாரையும் கீழே தள்ளவில்லை, மின்சாரத்தைக் கீழே கொண்டுவந்தது.

அதனால், எந்தக் கம்பியிலிருந்தும் ஆளும் ஏணியும் கயிறும் குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். முடியாத இடம் என்றால் லாரியை முன்னேயோ பின்னேயோ நகர்த்துங்கள். இரண்டு நிமிட வேலை. ஏணியைச் செங்குத்தாகத் தூக்கியபடி நடக்காமல், படுக்கை வாக்கில் இரண்டு பேர் தூக்கிப் போவது நல்லது. கம்பி தாழ்வாகத் தொங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லலாம். 24 மணி நேரமும் இயங்கும் எண்.

எத்தனை அடி ஏணி வேணும்?

பெரும்பாலான இடங்களில் இருப்பது 10 அல்லது 12 அடி ஏணி. லோடு லாரிக்கு அது போதாது, ஏன் என்று பாருங்கள்.

ஏணியை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு நாலுக்கு ஒன்று. அதாவது ஏணி சாயும் இடம் 12 அடி உயரம் என்றால், ஏணியின் கால் 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிடக் கிட்டே வைத்தால் ஏறும்போது பின்பக்கம் சாயும். தள்ளி வைத்தால் கால் வழுக்கும். டேப் வைத்து அளக்கத் தேவையில்லை. ஏணியின் காலடியில் பாத விரல்களை ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை ஏணியைச் சரியாகத் தொட்டால் சாய்வு சரி.

இன்னொரு கணக்கு, ஏணி கூரையின் விளிம்பைத் தாண்டி 3 அடி மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏறியதும் பிடித்துக்கொள்ள அதுதான் கை. விளிம்போடு முடிகிற ஏணியில் கடைசிப் படிக்கு வந்ததும் பிடிக்க ஒன்றும் இருக்காது. தார்ப்பாயைப் பிடிப்பார்கள், அது கையோடு வந்துவிடும்.

இரண்டையும் சேர்த்தால் 13 அடி உயர லோடுக்கு 16 முதல் 17 அடி ஏணி வேண்டும். சுமார் எட்டரை அடி உயரமுள்ள வேன் கூரைக்கே 12 அடி ஏணி. எட்டவில்லை என்று ஏணிக்குக் கீழே பெட்டி வைப்பது, டிராக்டர் டிரெய்லர் மேல் ஏணியை வைப்பது எல்லாம் ஊரில் நடக்கிறதுதான். செய்யவே கூடாது.

கரிசல் மண், ஆடிக் காற்று, ஐப்பசி மழை

விருதுநகர் மாவட்டத்தில் ஏணி வைப்பவருக்கு மண்ணே ஒரு பிரச்சினை. கரிசல் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் களி மாதிரி உள்வாங்கும். ஏணியின் ஒரு கால் வெடிப்பில் இறங்கினால் மறுநொடி ஏணி பக்கவாட்டில் சாயும். அகலமான பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் இரண்டு கால்களையும் நிறுத்த வேண்டும். பலகை வழுக்காமல் இருக்கவும், கீழே ஒருத்தர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும். பிடிப்பவர் போன் பார்த்துக்கொண்டு நின்றால் அவர் இல்லாததற்குச் சமம்.

மேல் முனை எதில் சாய்கிறது? தார்ப்பாயிலோ அட்டைப் பெட்டியிலோ சாய்த்தால், ஆளின் எடை ஏறியதும் அது அமுங்கும், ஏணி திரும்பும். லாரி பாடியின் இரும்புத் தூணிலோ சட்டத்திலோ சாய்த்து, ஒரு கயிற்றால் கட்டிவிடுவதுதான் சரி. மேலே கொக்கி வைத்த ஏணி கிடைத்தால் இன்னும் நல்லது, பாடியின் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

பட்டாசு சீசனின் உச்சம் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். தார்ப்பாய் கட்டாயமாகத் தேவைப்படும் நாளில்தான் ஏணிப் படியும் செருப்பும் ஈரமாக இருக்கும், லாரி புறப்படுகிற அவசரமும் இருக்கும். அதற்கு முன்னால், ஆடிக் காற்றில் விரித்த தார்ப்பாய் கப்பல் பாய் மாதிரி உப்பும், பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்து இழுக்கும். காற்று அடிக்கும் பக்கத்து ஓரத்தை முதலில் கட்டிவிட்டு, பிறகு மறுபக்கம் விரிப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

பட்டாசு ஆலைக்குள் எந்த ஏணி?

வெளியே எந்த ஏணி என்பது வசதியைப் பொறுத்தது. பட்டாசு ஆலை வளாகத்துக்குள் அப்படி இல்லை. வெடிபொருள் இருக்கும் கட்டடத்தில் பயன்படும் கருவிகள் மரம், செம்பு, பித்தளை போன்ற மென்மையான பொருளில் இருக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதிகளின் அடிப்படை. இரும்பு ஆணி அடித்த செருப்புக்கும் தடை. காரணம் ஒன்றுதான்: இரும்பு, கல்லில் உரசினால் பொறி பறக்கும். சிமென்ட் தரையில் இரும்பு ஏணியை இழுத்துப் போவதும் அதே உரசல்தான்.

அதனால் கால்களில் ரப்பர் புஷ் போட்ட மர ஏணி அங்கே பொருத்தம். இழுக்கக் கூடாது, தூக்கித்தான் போகணும். லோடுமேன்கள் நைலான், பாலியஸ்டர் சட்டையைத் தவிர்த்துப் பருத்தி அணிவது நல்லது, உரசலில் உடம்பில் மின்னேற்றம் சேராது. பெட்டியை மேலிருந்து கீழே போடுவது, கீழிருந்து மேலே எறிந்து பிடிப்பது இரண்டும் இங்கே ஏணி விபத்தைவிடப் பெரிய விபத்தாக மாறலாம்.

மூங்கில் ஏணி மலிவு, மின்சாரத்தையும் எளிதில் கடத்தாது. ஆனால் நனைந்தால் அந்த நம்பிக்கை போய்விடும். படியைக் கட்டிய கயிறு வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருக்கும், கணுவில் விரிசல் இருக்கும். பெயின்ட் அடித்த ஏணியை வாங்காமல் இருப்பது நல்லது, விரிசலைப் பெயின்ட் மறைத்துவிடும். அலுமினிய ஏணி தூக்க லேசு. மின்கம்பி இருக்கும் இடத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோகவே கூடாது, அங்கே ஃபைபர் ஏணிதான்.

அந்த ஒரே ஓர் அடி

ஏணியில் ஏறுவது சுலபம். ஏணியை விட்டுக் கூரைக்குக் கால் மாற்றும் அந்த ஓர் அடிதான் சிக்கலே. இறங்கும்போது அது இரட்டிப்பாகும், ஏனென்றால் பின்பக்கமாகப் பார்க்காமல் காலால் படியைத் தேட வேண்டும்.

வண்டி இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக், டயருக்குக் கட்டை. சாவி மேலே ஏறுபவர் பாக்கெட்டில். இது கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். மேலே ஆள் இருப்பது தெரியாமல் டிரைவர் வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் தோன்றாது.

ஏறும்போது முகம் ஏணியைப் பார்த்து இருக்கணும். இரண்டு கை, இரண்டு கால், இந்த நாலில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்கணும். அப்படியென்றால் கையில் கயிறோ பையோ இருக்க முடியாது. சாமானைத் தனியாகக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். உச்சிக்கு வந்ததும் ஏணியின் நீட்டிய பகுதியைப் பிடித்தபடி பக்கவாட்டில் கால் எடுத்து வைக்க வேண்டும், ஏணியின் தலையைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. இறங்கும்போதும் அதே பிடி: முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கால், அது படியில் உறுதியாக நின்ற பிறகு மறு கால். கடைசி நாலு அடியைக் குதித்து இறங்குவதில் கணுக்கால் பிசகியவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

மேலே போனதும் கயிறை இழுக்காதீங்க

லாரி உச்சியில் நின்று, ஓரத்துக்கு வந்து, உடம்பின் முழு எடையையும் போட்டுக் கயிறை இழுப்பார்கள். கயிறு அறுந்தாலோ, முடிச்சு நழுவினாலோ, கொக்கி விட்டாலோ இழுத்த வேகத்திலேயே பின்னால் போவார்கள். பின்னால் தரை கிடையாது. வழுக்கி விழுவதைவிட இது மோசம், ஏனென்றால் தலை முதலில் போகும்.

மேலே இருப்பவரின் வேலை தார்ப்பாயை விரிப்பது, கயிறைத் தாண்டிப் போடுவது, அவ்வளவுதான். இறுக்குவது கீழே நிற்பவரின் வேலை. மேலே முட்டி போட்டோ உட்கார்ந்தோ நகர்ந்தால் போதும். பின்னோக்கி நடந்தபடி தார்ப்பாயை உருட்டக் கூடாது. பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் தார்ப்பாய் அதை மூடிவிடும், கால் வைத்தால் உள்ளே போகும். விரிப்பதற்கு முன்பே அந்த இடங்களைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையில் பாதி நேரம் மேலே ஏறவே தேவையில்லை. தார்ப்பாயை முன்கூட்டியே மடித்து முன்பக்கம் வைத்துவிட்டு, கயிறைக் கீழிருந்தே வீசி மறுபக்கம் இழுக்கலாம். சிக்கினால் நீளமான துறட்டிக் கம்பு போதும், மாங்காய் பறிப்பதற்கு மட்டும்தான் துறட்டி என்று யார் சொன்னது? ஆனால் துறட்டியும் கம்பிக்கு எட்டும் என்பதை மறக்கக் கூடாது. லாரி உயரத்துக்குத் தரைமேடை கட்டிய குடோன்களில் வேலை இன்னும் எளிது. வேலையாள் விழ வாய்ப்புள்ள இடத்தில் தடுப்போ வேறு பாதுகாப்போ செய்து தருவதை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 32-வது பிரிவே ஆலை நடத்துபவரின் கடமையாக வைத்தது. லோடுமேன் விழுந்ததும் 'அவன் பார்த்து ஏறியிருக்கணும்' என்று சொல்வதற்கு முன் அந்தப் பிரிவை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

வேன், கேரவன் வைத்திருப்பவர்களுக்கு

ஒரு காலத்தில் வெளியூர் பஸ் என்றாலே பின்னால் ஏணி, மேலே கேரியர். வேன்களில் இன்னும் அந்த ஏணி இருக்கிறது. சினிமா ஷூட்டிங் வழியாகத் தமிழர்களுக்குப் பழக்கமான கேரவனிலும், 2021-ல் கேரளா தனிக் கொள்கை போட்டு வரவேற்ற சுற்றுலா கேரவனிலும் பின் ஏணி பொருத்தப்படுவது உண்டு.

இந்த ஏணிக்குச் சாய்வே கிடையாது, செங்குத்து. உடல் எடை முழுக்கக் கையில் தொங்கும். முதல் படி தரையிலிருந்து உயரத்தில் இருக்கும். பாடியோடு சில ஸ்குரூக்களில்தான் அது நிற்கிறது. கேரவன் பின் ஏணிகள் பலவும் சுமார் 113 கிலோ வரை தாங்கும்படி செய்யப்படுபவை. ஆளும் பையும் சேர்ந்தால் அந்த எல்லை கிட்ட வந்துவிடும். துருவும் ஆட்டமும் இருக்கிறதா என்று கையால் உலுக்கிப் பார்த்துவிட்டு ஏறுவது நல்லது.

கேரவன் கூரை லாரி மாதிரி இல்லை. மேலே மெல்லிய ஃபைபர் அல்லது அலுமினியத் தகடு, அடியில் சட்டம். சட்டத்துக்கு நடுவில் மிதித்தால் தகடு உள்வாங்கும், காற்றுவழி மூடி என்றால் உடைந்தே போகும். சோலார் பேனல் மேல் கை ஊன்றக் கூடாது. அகலமான பலகை ஒன்றைச் சட்டங்கள் மேல் போட்டு, அதில் முட்டி போட்டு நகர்வதே பாதுகாப்பு. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதாக இருந்தால் மேலே ஏறாமல், பக்கத்தில் ஏணியில் நின்று நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

விபத்து நடந்துவிட்டால்?

வண்டி கம்பியில் பட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்து வெளியே வந்தே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலும் சேர்த்துக் குதித்து, காலைப் பிரிக்காமல் சிறுசிறு அடியாகத் தேய்த்து நகர வேண்டும். கால்கள் விரிந்தால் தரை வழியாகவே மின்சாரம் உடம்பில் பாயும். உயர் அழுத்தக் கம்பியிடம் மரக்கட்டையால் தட்டிவிடும் வீரம் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்தியதை உறுதி செய்த பிறகே கிட்டப் போகணும். பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் அழுத்தி சிபிஆர் கொடுக்கத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

மேலிருந்து விழுந்தவரை நாலு பேர் கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதுதான் வழக்கம். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே அவரை முடக்கிப் போடலாம். தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 108-க்கு அழைக்க வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும், தண்ணீர் கொடுக்கக் கூடாது. விழுந்தவர் தானே எழுந்து 'ஒண்ணுமில்ல' என்று வேலைக்குத் திரும்பினாலும் அன்று முழுக்க ஒருத்தர் கூட இருக்கணும். வாந்தி, மயக்கம், தாங்க முடியாத தலைவலி, குளறும் பேச்சு, இதில் ஒன்று வந்தாலும் தலைக்குள் ரத்தக் கசிவு இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.